மலைப்பாதையில் ஒரு பூ: செண்டுடுக்கை அடையாளம் காண்போம்

பினாங்குத் தாவரவியல் பூங்காவுக்குச் சற்று முன்னால், சாலையோரத்தில் வட்ட வடிவ வாசல் ஒன்று நிற்கிறது. ‘மூன் கேட்’ என்பார்கள். கொடிமலைக்கு ரயிலேறிப் போகாமல் நடந்தே ஏற நினைப்பவர்கள் பலர் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். படிகளும் வேர்களும் நிறைந்த அந்தப் பாதை பெரும்பாலும் மரநிழலிலேயே போகிறது. எங்காவது ஒரு மரம் சாய்ந்திருக்கும், அல்லது மண் சரிந்திருக்கும். அங்கே மட்டும் வெயில் தரையைத் தொடும். அப்படிப்பட்ட இடங்களில் ஆள் உயரத்துக்குப் புதராக வளர்ந்து, ஊதா கலந்த இளஞ்சிவப்பு நிறத்தில் பூத்து நிற்கும் ஒரு செடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கேமரன் மலைச் சாலையோரத்தில் அது உண்டு. தைப்பிங்கின் புக்கிட் லாருட்டில் உண்டு. சிங்கப்பூரில் புக்கிட் தீமா காட்டின் ஓரங்களிலும் உண்டு.

மலாய் மொழியில் அதற்குச் செண்டுடுக் என்று பெயர். ‘சிங்கப்பூர் ரோடோடெண்ட்ரான்’ என்றும் சிலர் சொல்வதுண்டு. அந்தப் பெயரை நம்பாதீர்கள். ரோடோடெண்ட்ரான் முற்றிலும் வேறு குடும்பத்துச் செடி. தூரத்திலிருந்து பார்த்த யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அறிவியல் பெயர் மெலஸ்டோமா மலபாத்ரிகம். 1753இல் கார்ல் லின்னேயஸ் இட்ட பெயர் இது. கிரேக்க மொழியில் ‘மெலஸ்’ என்றால் கருப்பு, ‘ஸ்டோமா’ என்றால் வாய். இதன் பழத்தைத் தின்றால் வாயும் நாக்கும் கருநீலமாகிவிடும். தோட்டப்புறத்தில் வளர்ந்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பள்ளிவிட்டு வரும் வழியில் நாக்கை நீட்டிக் காட்டி விளையாடிய கதை கிடைக்கக்கூடும்.

பெயர் தெரிந்துவிட்டது, பிறகு என்ன பாடம் என்று கேட்கிறீர்களா? அதே பாதையில், பத்தடி தள்ளி நிழலுக்குள், இதன் உறவுக்காரச் செடி இன்னொன்று இருக்கிறது. அதன் இலை நரம்புகள் ஏறத்தாழ இதைப் போலவே இருக்கும். அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. நம் காடுகளுக்குள் பரவி, அங்கே முளைக்க வேண்டிய கன்றுகளின் இடத்தைப் பிடிக்கிறது. பல நாடுகளில் தன்னார்வலர்கள் அதைப் பிடுங்கி எறிகிறார்கள். பிடுங்கும்போது பெரும்பாலான செடிகள் முழங்கால் உயரம்கூட இருக்காது, பூவும் இருக்காது. எது எதுவென்று தெரியாமல் கைவைத்தால், காக்கப் போன செடியையே பிடுங்கிவிட்டு வருவோம்.

இலையிலிருந்து தொடங்குவோம்

பூவைக் கண்டால் எல்லாரும் முதலில் நிறத்தைத்தான் சொல்வார்கள். அடையாளம் காண்பதற்கு நிறம் மிகவும் பலவீனமான சான்று. செண்டுடுக்கிலேயே அரிதாக வெள்ளைப் பூ பூக்கும் வகை உண்டு. ஆகவே பூவைச் சற்று நேரம் மறந்துவிட்டு இலையைப் பாருங்கள்.

மாமர இலையில் நடு நரம்பு ஒன்று நேராகப் போகும். அதிலிருந்து பக்க நரம்புகள் இருபுறமும் கிளைக்கும். செண்டுடுக் இலை அப்படியில்லை. காம்பின் அருகிலிருந்தே மூன்று அல்லது ஐந்து பெரிய நரம்புகள் புறப்பட்டு, வில்போல் வளைந்து, இலையின் நுனியில் மீண்டும் ஒன்றுசேரும். அவற்றுக்கு இடையே ஏணிப் படிகளைப் போல மெல்லிய குறுக்கு நரம்புகள் ஓடும்.

இந்த இடத்தில் வகுப்பில் எப்போதும் ஒரு கை உயரும்: “ஐயா, நரம்புகள் அடியிலிருந்து நுனி வரை பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றனவே, இது ஒருவித்திலைத் தாவரமா?” நல்ல கேள்வி. புல், வாழை, தென்னை ஆகியவற்றில் நரம்புகள் இணையாக ஓடும் என்று படித்திருக்கிறீர்கள். ஆனால் ஒரே ஒரு பண்பை வைத்து முடிவெடுக்கக் கூடாது. செண்டுடுக்கின் தண்டு மரத்தன்மை கொண்டது. குறுக்கு நரம்புகள் வலைபோல் இணைகின்றன. பூவில் ஐந்து இதழ்கள். ஒருவித்திலைத் தாவரங்களின் பூவுறுப்புகள் பெரும்பாலும் மூன்று மூன்றாக அமையும். மூன்று சான்றுகளும் ஒரே திசையைக் காட்டுகின்றன: இது இருவித்திலைத் தாவரம்.

இத்தகைய நரம்பமைப்பு மெலஸ்டோமட்டேசி குடும்பத்தின் முத்திரை. உலகில் 5,000க்கும் மேற்பட்ட இனங்கள் இக்குடும்பத்தில் உள்ளன. ஆயினும் முத்திரை அவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. பிரியாணியில் போடும் பிரிஞ்சி இலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இந்தியக் கடையில் வாங்கியதாக இருந்தால், அதிலும் மூன்று நரம்புகள் அடியிலிருந்து ஓடும். அது இலவங்கப்பட்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பண்டைய கிரேக்க, ரோமானிய வணிகர்கள் அத்தகைய இலையை இந்தியாவின் மேற்குக் கரைத் துறைமுகங்களிலிருந்து ‘மலபாத்ரம்’ என்ற பெயரில் வாங்கிச் சென்றார்கள். ‘தமாலபத்திரம்’ என்ற சமஸ்கிருதச் சொல்லின் திரிபு அது. நம் மலைப்பாதைச் செடியின் பெயரில் உள்ள ‘மலபாத்ரிகம்’ அந்த வாசனை இலையைத்தான் நினைவூட்டுகிறது.

இரண்டையும் பிரிப்பது எளிது. பிரிஞ்சி இலையைக் கசக்கினால் மணக்கும், செண்டுடுக் மணக்காது. செண்டுடுக் இலையின் மேற்பரப்பில் விரலை ஓட்டினால் உப்புத்தாளைப் போலச் சொரசொரப்பாக இருக்கும். இலைகள் தண்டில் இரண்டிரண்டாக, எதிரெதிரே நிற்கும். ஒரு சோடி கிழக்கு மேற்காக இருந்தால் அடுத்த சோடி வடக்குத் தெற்காக இருக்கும். மேலிருந்து பார்த்தால் கூட்டல் குறி தெரியும்.

பத்து மகரந்தத்தாள்கள் சொல்லும் கதை

இப்போது பூவுக்கு வரலாம். ஐந்து இதழ்கள், பூ விரிந்தால் சுமார் 5 முதல் 7 சென்டிமீட்டர் அகலம். நடுவில் பத்து மகரந்தத்தாள்களை எண்ணலாம். எண்ணிய பிறகு நிறத்தையும் வடிவத்தையும் பாருங்கள். ஐந்து குட்டையானவை, பளிச்சென்ற மஞ்சள். மற்ற ஐந்து நீளமானவை, ஊதா, அரிவாளைப் போல வளைந்தவை. ஒரே பூவுக்குள் இரண்டு வகை. இதுதான் செண்டுடுக்கின் கையொப்பம்.

எதற்காக இரண்டு வகை? சார்லஸ் டார்வினையே தொல்லைப்படுத்திய கேள்வி இது. 1860களின் தொடக்கத்தில் அவர் இக்குடும்பத்துச் செடிகளில் மஞ்சள் பையின் மகரந்தத்தையும் மற்ற நிறப் பையின் மகரந்தத்தையும் தனித்தனியாக எடுத்துச் சேர்த்துப் பார்த்தார். மாதக்கணக்கில் உழைத்தும் தெளிவான விடை கிடைக்கவில்லை. பின்னர் 1880களில் ஃபிரிட்ஸ் முல்லர், ஹெர்மன் முல்லர் என்ற ஜெர்மானியச் சகோதரர்கள் ஒரு விளக்கம் தந்தார்கள்: ஒரு வகை தீவனம், மற்றொன்று அஞ்சல்.

கொஞ்சம் யோசித்தால் புரியும். செண்டுடுக் பூவில் தேன் கிடையாது. தேனீக்கு அது தரும் கூலி மகரந்தம்தான். எல்லா மகரந்தத்தையும் தேனீயே தின்றுவிட்டால் இனப்பெருக்கத்துக்கு எது மிஞ்சும்? அதனால் வேலைப் பிரிவினை. மஞ்சள் பைகள் ஊதா இதழ்களின் நடுவே எடுப்பாகத் தெரிந்து தேனீயை இழுக்கின்றன. தேனீ அங்கே அமர்ந்து மும்முரமாக இருக்கும்போது, இதழின் நிறத்தோடு ஒன்றிப்போன நீண்ட ஊதாப் பைகள் அதன் உடலில் வேறோர் இடத்தில் மகரந்தத்தைப் பூசிவிடுகின்றன. அடுத்த பூவின் சூல்முடி தொடுவது ஏறக்குறைய அதே இடத்தைத்தான். செண்டுடுக்கை வைத்தே 2000களில் சீனாவில் நடந்த ஆய்வு முல்லர் சகோதரர்களின் விளக்கத்துக்கு வலுச்சேர்த்தது.

மகரந்தப்பையைக் கைக்கண்ணாடியில் பார்த்தால் இன்னொரு வியப்பு. செம்பருத்தியில் பை வெடித்து மகரந்தம் வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும். இதில் அப்படி வெடிக்காது. பையின் நுனியில் ஒரே ஒரு சிறு துளை. உப்புக் குப்பியைப் போல. உள்ளே இருக்கும் தூள் தானாகக் கொட்டாது. குலுக்க வேண்டும். பெரிய கரிய தச்சுத் தேனீ வந்து, பைகளைக் கால்களால் கட்டிப்பிடித்து, இறக்கை அடிக்காமலே மார்புத் தசைகளை அதிர வைக்கும். ‘ட்ர்ர்ர்’ என்ற ஒலி பாதையில் நிற்பவர்களுக்கே கேட்கும். மகரந்தம் துளை வழியாகச் சீறி வெளியே வரும். நாம் பெட்டிகளில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. தக்காளி, கத்திரி ஆகியவற்றின் பூக்களும் இதே அதிர்வு முறையை நம்பியிருப்பவை. தச்சுத் தேனீ குறைந்தால் யாருக்கு நட்டம் என்பதை நீங்களே கணக்குப் போடுங்கள்.

மகரந்தத்தாள்களைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் வேறு பல குழப்பங்களும் தீரும். கேமரன் மலையில் வீட்டுத் தோட்டங்களில் பெரிய, ஆழ்ந்த ஊதாப் பூ பூக்கும் திபூச்சினா செடியைச் செண்டுடுக் என்று நினைப்பவர்கள் உண்டு. அது பிரேசில் நாட்டது, அழகுக்காக நடப்படுவது. அதன் மகரந்தத்தாள்கள் எல்லாமே ஊதா. மஞ்சள் ஐந்தைத் தேடினால் கிடைக்காது. கெமுந்திங் என்ற செடியின் பூவும் இளஞ்சிவப்புதான். இலையிலும் மூன்று நரம்புகள் இருக்கும். ஆனால் அதன் பூவில் மகரந்தத்தாள்களை எண்ணி முடிக்கவே முடியாது, அவ்வளவு நிறைய. அது கொய்யாவின் உறவு.

செண்டுடுக்குக்கு நம் நாட்டிலேயே உடன்பிறப்புகளும் இருக்கின்றன. பூவின் அடியில் உள்ள சின்னக் கிண்ணத்தைப் பாருங்கள். அதுதான் பின்னர் பழமாகும். அதன்மேல் தட்டையான செதில்கள் படிந்திருந்தால் சாதாரணச் செண்டுடுக். நீளமான சிவப்பு முட்கம்பிகள் சிலிர்த்துக்கொண்டு நின்றால், பூவும் பெரிதாக இருந்தால், அது மெலஸ்டோமா சாங்குவினியம். இரண்டுமே இந்த மண்ணின் செடிகள்.

நிழலுக்குள் அந்த வெள்ளைப் பூ

இனி அந்த உறவுக்காரர். கிளிடெமியா ஹிர்ட்டா என்று பல நூல்கள் சொல்லும். அண்மைய வகைப்பாட்டில் மைக்கோனியா கிரெனாட்டா. மலாயில் செண்டுடுக் புலு, அதாவது ரோமச் செண்டுடுக். பொருத்தமான பெயர். தண்டு, இலை, பழம் எல்லாம் ரோமம். பூ வெள்ளை, ஒவ்வோர் இதழும் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான். இதற்கும் பத்து மகரந்தத்தாள்கள். ஆனால் பத்தும் வெள்ளை, பத்தும் ஒரே மாதிரி.

ஃபிஜித் தீவில் இதற்குக் ‘கோஸ்டரின் சாபம்’ என்று பெயர். 1880களில் கோஸ்டர் என்பவர் கொண்டுவந்த காப்பி விதைகளோடு தெரியாமல் வந்து சேர்ந்ததாகச் சொல்கிறார்கள். அங்கே அது மேய்ச்சல் நிலங்களையும் தோட்டங்களையும் மூடியது. ஹவாயில் 1941இல் காணப்பட்டு, சில பத்தாண்டுகளில் மழைக்காடுகளுக்குள் பரவியது. ஒரு பழத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விதைகள். பறவைகள் தின்று எங்கும் எச்சமிடும். நம் நாட்டில் நெகிரி செம்பிலானின் பாசோ காட்டில் நடந்த ஆய்வு 2001இல் வெளியானது. மரம் விழுந்து வெளிச்சம் வந்த இடங்களிலும், காட்டுப்பன்றிகள் மண்ணைக் கிளறிய இடங்களிலும் இச்செடி அதிகம் காணப்பட்டதாக அது சொல்கிறது.

இதில் புரியாத புதிர் ஒன்று இருந்தது. தன் தாயகத்தில் கிளிடெமியா திறந்தவெளிச் செடி. அடர்காட்டின் நிழலில் அதைக் காண்பது அரிது. ஹவாயில் மட்டும் நிழலுக்குள் எப்படிச் செழித்தது? சாரா டிவால்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தச் சோதனையின் அமைப்பை நீங்கள் கவனிக்க வேண்டும், ஏனெனில் ஆரம்பப் பள்ளியில் படித்த தற்சார்பு மாறி, சார்பு மாறி எல்லாம் அதில் வருகின்றன. தாயகமான கோஸ்டா ரிக்காவிலும் ஹவாயிலும், ஒவ்வோர் ஊரிலும் திறந்தவெளியிலும் காட்டு நிழலிலும் இளஞ்செடிகளை நட்டார்கள். சிலவற்றுக்குப் பூச்சிக்கொல்லி, சிலவற்றுக்குப் பூஞ்சைக்கொல்லி, சிலவற்றுக்கு இரண்டும், சிலவற்றுக்கு எதுவுமில்லை. பிறகு எத்தனை செடிகள் பிழைத்தன என்று பார்த்தார்கள்.

முடிவு இதுதான். கோஸ்டா ரிக்காவின் காட்டு நிழலில் மருந்து தெளித்த செடிகள் கூடுதலாகப் பிழைத்தன. இரண்டு மருந்தும் பெற்றவை மிக நன்றாகப் பிழைத்தன. ஹவாயில் மருந்து தெளித்தாலும் தெளிக்காவிட்டாலும் பெரிய வேறுபாடில்லை. அப்படியென்றால் தாயகத்தில் அதை நிழலுக்குள் விடாமல் தடுத்தது வெளிச்சக் குறைவு மட்டுமன்று. அங்கேயே பரிணமித்த பூச்சிகளும் பூஞ்சைகளும் அதை மென்று அழித்தன. கடல் கடந்தபோது செடி வந்தது, எதிரிகள் வரவில்லை. ஆக்கிரமிப்புத் தாவரம் என்றதும் அதை ஏதோ அசுரப் பலம் கொண்ட செடி என்று கற்பனை செய்கிறோம். அதன் பலத்தில் ஒரு பங்கு, கூடவே வராதவர்களிடமிருந்து கிடைத்தது.

செண்டுடுக்கின் நிலை வேறு. நம் மலைகளின் மழை கழுவிய அமில மண்ணில் அலுமினியம் கரைந்து அயனியாக இருக்கும். பெரும்பாலான செடிகளின் வேர்நுனியை அது கெடுக்கும். செண்டுடுக்கோ அதை உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்கிறது. ஒரு கிலோகிராம் உலர்ந்த இலையில் 10 கிராமுக்கு மேல் அலுமினியம் இருக்கலாம். சரிந்து வெறுமையான சரிவில் முதலில் வந்து நிற்பவற்றில் அதுவும் ஒன்றாக இருப்பது இதனால்தான். பழம் தின்ன வரும் பறவைகள் வேறு மரங்களின் விதைகளையும் அங்கே போட்டுவிட்டுப் போகும். மரங்கள் வளர்ந்து நிழல் விழுந்ததும் செண்டுடுக் பின்வாங்கிவிடும்.

பூ இல்லாத நாளில்

களையெடுக்கப் போகும் குழுவுக்குப் பயன்படுவது இந்தப் பகுதிதான். இளஞ்செடியைப் பார்க்கும்போது மூன்று இடங்களைக் கவனியுங்கள். இலையின் விளிம்பு: செண்டுடுக்கில் மழுமழுவென ஓடும், கிளிடெமியாவில் நுண்ணிய பற்கள். மேற்பரப்பு: செண்டுடுக் தட்டை, சொரசொரப்பு, கிளிடெமியா நரம்புகளுக்கிடையே உப்பி, பஞ்சு வைத்துத் தைத்த மெத்தைபோல் இருக்கும். தண்டு: செண்டுடுக்கில் ஒட்டிப் படிந்த செதில்கள், கிளிடெமியாவில் நீட்டிக்கொண்டிருக்கும் நீண்ட ரோமங்கள், பல நேரம் செந்நிறத்தில். இலையின் வடிவமும் உதவும். செண்டுடுக் இலை ஒடுங்கி நீண்டது, கிளிடெமியா இலை அகன்றது. ஆனால் நிழலில் வளரும் இலைகள் எப்போதும் சற்று அகலும் என்பதால் அகலத்தை நான் கடைசிச் சான்றாகவே வைப்பேன்.

பழம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். செண்டுடுக் பழம் முற்றியதும் ஒழுங்கின்றி வெடித்து, உள்ளே கருநீலச் சதையையும் ஆரஞ்சு நிறச் சிறு விதைகளையும் காட்டும். கிளிடெமியாவின் பழம் வெடிக்காது. ரோமம் போர்த்திய சின்னக் கருநீல உருண்டையாகவே இருக்கும்.

கைத்தொலைபேசிச் செயலி சொல்லாதா என்றால், சொல்லும். படம் எடுத்தவுடன் ஒரு பெயர் வரும். அதை விடையாக எழுதிவிடாதீர்கள்; கருதுகோளாக எடுத்துக்கொள்ளுங்கள். செயலி ‘திபூச்சினா’ என்றால், மகரந்தத்தாள்கள் எல்லாம் ஊதாவா என்று பூவிடம் போய்க் கேளுங்கள். அதற்குப் பூவை மேலிருந்து மட்டும் படம் எடுத்தால் போதாது. நடுப்பகுதி, அடிக்கிண்ணம், இலையின் இருபக்கம், தண்டு ஆகிய நான்கையும் எடுங்கள். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் பின்னர் வீட்டில் உட்கார்ந்து சரிபார்ப்பது சிரமம்.

ஒரு சங்கதி பாக்கி இருக்கிறது. அமெரிக்க மத்திய அரசு வைத்திருக்கும் தீங்கான களைகளின் பட்டியலில் நம் செண்டுடுக்கும் உண்டு! இங்கே சரிவுகளைக் காக்கும் அதே செடி அங்கே நுழையத் தடை. ஆகவே ‘இது மண்ணின் செடியா?’ என்ற கேள்வி முழுமையானதன்று. ‘எந்த மண்ணின்?’ என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

செய்து பார்க்க

செண்டுடுக் பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள். ஆகவே காலையிலேயே போங்கள், பெரியவர் ஒருவரோடு போங்கள். வனப்பகுதியில் எதையும் பறிக்கவோ பிடுங்கவோ கூடாது. பழத்தையும் தின்ன வேண்டாம். பள்ளித் திடலின் ஓரத்திலோ வீட்டுக்குப் பக்கத்து வெற்று நிலத்திலோ இச்செடி இருந்தால், அங்கே ஒரு பூவை எடுத்துக்கொள்ளலாம்.

1. அறிவியல் கூடத்தில் உள்ள இசைக்கவையைத் தட்டி, அதிரும் முனையை ஒரு மஞ்சள் மகரந்தப்பையில் மெல்லத் தொட வையுங்கள். கீழே கருப்புத் தாள் விரித்திருங்கள். தட்டாத இசைக்கவையால் இன்னொரு பையைத் தொட்டு ஒப்பிடுங்கள். எதற்காக இந்த இரண்டாவது தொடுதல்?

2. பத்து நிமிடம் ஒரே பூவின் முன் அசையாமல் நின்று, வரும் பூச்சிகளை எண்ணுங்கள். ‘ட்ர்ர்ர்’ ஒலி எழுப்புபவை எத்தனை, எழுப்பாதவை எத்தனை?

3. பிரிஞ்சி இலை, வெற்றிலை, செண்டுடுக் இலை மூன்றையும் தாளில் வைத்துப் பென்சிலால் தேய்த்து நரம்புப் படம் எடுங்கள். மூன்றிலும் ஒத்திருப்பது எது? வெற்றிலையும் செண்டுடுக் இலையும் தண்டில் அமைந்திருக்கும் முறையில் என்ன வேறுபாடு?

4. டிவால்ட் குழுவினர் ஹவாயில் மட்டும் சோதனை செய்து, கோஸ்டா ரிக்காவை விட்டிருந்தால், அவர்களால் எந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது? இரண்டு வரிகளில் எழுதுங்கள்.